டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: உங்கள் கேம்பெயினுக்கு ஒரு கடவுளை உருவாக்குவது எப்படி?

முதல் முறையாக கேம் மாஸ்டராக உட்கார்ந்தபோது, கதையை யோசிப்பதற்கு முன்பே நான் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்தேன். டேட்டா வேலை பார்ப்பவர்களுக்கு உள்ள வியாதி அது. 24 கடவுள்கள். ஒவ்வொருவருக்கும் பெயர், சின்னம், ஆயுதம், குணம், பிடித்த நிறம் வரை எழுதி வைத்தேன். மூன்றாவது வாரம், பூசாரி கேரக்டரை ஆடிய நண்பர் கேட்டார்: "எல்லாம் சரி, என் சாமி என்கிட்ட என்ன எதிர்பார்க்குது?"

அதற்கான பதில் என் ஷீட்டில் எங்கேயும் இல்லை.

வார இறுதியில் நண்பர்களோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) ஆடுபவரா நீங்கள்? அல்லது ஆட ஆசைப்படுபவரா? அப்படியென்றால் இந்தக் கேள்வி உங்கள் மேசைக்கும் ஒருநாள் வரும். அதற்கு ரூல்புக்குகளில் என்ன உதவி இருக்கிறது, எது பயன்படும், எதை ஒதுக்கிவிடலாம் என்று பார்ப்போம்.

இந்த ஆட்டத்தில் கடவுளுக்கு என்ன வேலை?

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய டி அண்ட் டி, 1974-ல் அமெரிக்காவில் வெளியானது. ஒருவர் கேம் மாஸ்டர். கதை நடக்கும் உலகத்தை அவர் நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொண்டு, 'நான் இதைச் செய்கிறேன்' என்று வாயால் சொல்லி ஆடுவார்கள். அது நடக்குமா, நடக்காதா என்பது சந்தேகமாக இருந்தால் 20 முகப் பகடையை உருட்ட வேண்டும். இப்படி மாதக்கணக்கில் நீளும் தொடர்கதைதான் கேம்பெயின்.

கேரக்டர் வகைகளில் ஒன்று 'கிளெரிக்'. பாதி பூசாரி, பாதி போர்வீரர். காயம் ஆற்றுவது, சாபத்தை நீக்குவது போன்ற சக்திகள் கிளெரிக்குக்கு ஒரு கடவுளிடமிருந்து வருகின்றன. அந்தக் கடவுள் வெறும் பெயராக இருந்தால், உங்கள் நண்பர் ஆடுவது பூசாரி அல்ல, நடமாடும் மருந்துக்கடை.

ரூல்புக்குகள் கடவுளை எப்படிப் பார்த்தன?

ஆரம்பத்தில், எண்ணாக. 1976-ல் வந்த 'காட்ஸ், டெமி-காட்ஸ் அண்ட் ஹீரோஸ்' என்ற துணைநூல், உலகப் புராணங்களின் கடவுள்களுக்கு 'ஹிட் பாயின்ட்ஸ்' கொடுத்தது. எவ்வளவு அடி வாங்கினால் ஒருவர் வீழ்வார் என்பதைச் சொல்லும் எண் அது. நார்ஸ் கடவுள் ஓடினுக்கு 300. கேரக்டர்களை அளவில்லாமல் வளர்த்துக்கொண்டே போகும் குழுக்களுக்கு 'கடவுளுக்கே இவ்வளவுதான், உங்களுக்கு எதற்கு?' என்று உணர்த்துவதே நோக்கம் என்று அதன் எடிட்டர் டிம் காஸ்க் முன்னுரையில் எழுதினார். ஆனால் ஒரு எண்ணைக் கண்ணில் காட்டினால், அதைப் பூஜ்யமாக்கிப் பார்க்கத்தானே கை துறுதுறுக்கும்?

2002-ல் வந்த 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' கடவுள்களுக்கு 0 முதல் 20 வரை ரேங்க் கொடுத்தது. ஆபீஸ் கிரேடு மாதிரி. 2014-ன் 'டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு' இதைச் சுருக்கி மூன்றே அடுக்குகளாக ஆக்கியது: பெரிய தெய்வங்கள், சிறிய தெய்வங்கள், தெய்வ வம்சத்தில் வந்தாலும் வேண்டுதலைக் கேட்கவோ சக்தி தரவோ செய்யாத அரைத் தெய்வங்கள்.

கொசுறாக ஒரு தகவல். இன்று டி அண்ட் டி-யை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் முதல் வெளியீடே கடவுள்களுக்கான ஒரு ரூல்புக்தான்: 1992-ல் வந்த 'தி பிரைமல் ஆர்டர்'. டி அண்ட் டி-யின் முந்தைய உரிமையாளரான டி.எஸ்.ஆர் நிறுவனத்தை அது 1997-ல்தான் வாங்கியது.

சரி, எதை எடுத்துக்கொள்வது?

ஒரே புத்தகத்தைப் பிடித்துத் தொங்க வேண்டாம். நான்கு இடங்களில் இருந்து நான்கு விஷயங்கள் போதும்.

1. அமைப்பு. மேலே சொன்ன 2014 கைடு சில மாதிரிகளைத் தருகிறது. பல கடவுள்கள், அவரவர் பக்தர்கள் தனித்தனி; பல கடவுள்கள் ஒரே குடும்பம், மக்கள் எல்லோரையும் கும்பிடுவார்கள்; ஒரே கடவுள்; எதிரெதிராக இருவர்; மரம், மலை, ஆறு எல்லாவற்றிலும் ஆவி. உங்கள் உலகத்துக்கு எது பொருந்தும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

2. டொமைன். அதாவது கடவுளின் துறை. 2014-ன் 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' ஏழு துறைகளைத் தருகிறது: அறிவு, உயிர், ஒளி, இயற்கை, புயல், தந்திரம், போர். இது வெறும் அலங்காரம் இல்லை. 'உயிர்' என்று எழுதினால் அந்த கிளெரிக் காயம் ஆற்றுவதில் கெட்டிக்காரர். 'புயல்' என்றால் இடி, மின்னல். நீங்கள் எழுதும் ஒரு சொல், நண்பரின் கேரக்டர் என்ன செய்ய முடியும் என்பதையே மாற்றிவிடும்.

3. கட்டளையும் விலக்கும். இது 2019-ல் வந்த 'பாத்ஃபைண்டர்' இரண்டாம் பதிப்பில் இருந்து. அதில் ஒவ்வொரு கடவுளுக்கும் இரண்டு வரிகள் கட்டாயம்: பக்தர் செய்ய வேண்டியவை, செய்யவே கூடாதவை. விலக்கை மீறிக்கொண்டே இருந்தால் கிளெரிக்கின் சக்தி போய்விடும். என் நண்பர் கேட்ட கேள்விக்கு நேரடியான பதில் இதுதான்.

4. மனிதர்கள். 1979-ல் 'ரூன்குவெஸ்ட்' ஆட்டத்துக்காக வந்த 'கல்ட்ஸ் ஆஃப் ப்ராக்ஸ்' கடவுளைவிட வழிபடும் கூட்டத்தைத்தான் விரிவாகச் சொன்னது. எப்படிச் சேர்வது, சேர்ந்தால் என்ன கடமை, யார் தலைவர், எந்தக் கூட்டத்தோடு நட்பு, யாரோடு பகை. விளையாட்டில் உங்கள் நண்பர்கள் கடவுளைச் சந்திப்பது அபூர்வம். பூசாரியை வாராவாரம் சந்திப்பார்கள்.

உதாரணத்துக்கு ஒரு கடவுள்

ஆற்றங்கரையில் ஒரு வணிக நகரம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஓடக்காரர்களின் தெய்வம் 'அக்கரையாள்'.

துறை: புயல், உயிர்.
கட்டளை: அக்கரை போகக் கேட்டவரை ஏற்றிக்கொள்.
விலக்கு: யாரை ஏற்றினாய் என்று சொல்லாதே. நடு ஆற்றில் யாரையும் திருப்பி அனுப்பாதே.
மனிதர்கள்: கோயில் கிடையாது, படகுத்துறைதான். மூத்த ஓடக்காரியே பூசாரி. பக்தர்கள் மாதத்தில் ஒருநாள் காசு வாங்காமல் படகு ஓட்ட வேண்டும்.

இப்போது பக்கத்திலேயே இன்னொரு கடவுள்: 'சுங்கத்தான்'. அவர் கட்டளை, ஊருக்குள் வருபவர், போகிறவர் எல்லோர் பெயரையும் எழுது. விலக்கு, கணக்கில் பொய் எழுதாதே. இவரும் கெட்டவர் இல்லை. பஞ்ச காலத்தில் யாருக்கு எவ்வளவு தானியம் என்று ஊருக்குத் தெரிவதே அவர் கணக்கால்தான்.

ஒரு இரவு, கையில் ரத்தக்கறையோடு ஒருவன் படகில் ஏறுகிறான். பின்னாலேயே சுங்கத்தானின் ஆட்கள் வந்து, 'ஏறினது யார்?' என்று கேட்கிறார்கள். உங்கள் கிளெரிக் என்ன செய்வார்? இங்கே பகடை உருட்டி முடிவு எடுக்க முடியாது. ஹிட் பாயின்ட்ஸ் எதையும் எழுதாமலே, சில வரிகளில் ஒரு முழு சனிக்கிழமைக்கான கதை கிடைத்துவிட்டது.

நம்ம சாமிகளை வைத்தே ஆடலாமா?

இது இந்திய மேசைகளில் கட்டாயம் வரும் கேள்வி. அமெரிக்க ரூல்புக்குகளுக்கு இது புதிதும் இல்லை. 1976, 1980 புத்தகங்கள் இரண்டிலும் இந்தியக் கடவுள்கள் இருந்தார்கள். 1980 பட்டியலில் இந்திரன், யமன் ஆகியோரோடு கார்த்திகேயனும் உண்டு. ஆமாம், நம்ம முருகன்தான், ஹிட் பாயின்ட்ஸோடு. 2002, 2014 புத்தகங்களின் புராணப் பட்டியல்களில் கிரேக்க, எகிப்திய, நார்ஸ் தெய்வங்கள் இருக்கிறார்கள். இந்தியத் தெய்வங்கள் இல்லை.

நான் ஒருமுறை இதில் சறுக்கியிருக்கிறேன். கேம்பெயினின் கடைசிச் சண்டைக்கு, எங்கள் பக்கத்து காவல் தெய்வம் ஒன்றை அப்படியே மாதிரியாக வைத்து ஒரு எதிரியை எழுதினேன். பெயரை மட்டும் மாற்றினேன். வர்ணித்துக்கொண்டு போகும்போதே ஒரு நண்பர் பகடையைக் கீழே வைத்தார். "டேய், அது எங்க குலசாமிடா." அவர் கோபப்படவில்லை. ஆனால் அன்று அதற்குமேல் யாரும் ஆடவில்லை. எனக்கு அது ஒரு டிசைன். அவருக்கு அது வருஷா வருஷம் பொங்கல் வைக்கும் இடம்.

அதனால் என் ஆலோசனை: இன்றும் யாரோ கும்பிடும் தெய்வத்தை எதிரியாக்காதீர்கள். புதிதாக உருவாக்குங்கள். ஆட்டம் தொடங்கும் முன் நடக்கும் முதல் கூட்டத்தில், எதெல்லாம் மேசைக்கு வரக் கூடாது என்று ஒவ்வொருவரையும் ஒரு துண்டுச் சீட்டில் பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

புத்தகம் வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டாம். டி அண்ட் டி-யின் அடிப்படை விதிகள் அடங்கிய 'எஸ்.ஆர்.டி 5.1' ஆவணம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. உரியவர்களைக் குறிப்பிட்டால், அந்த விதிகளைப் பயன்படுத்தி உங்கள் படைப்பை வெளியிடவும் செய்யலாம். அதில் கிளெரிக்குக்கு 'உயிர்' துறை மட்டும்தான் இருக்கும். பாத்ஃபைண்டர் விதிகள் 'ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நேதிஸ்' தளத்தில் இலவசம்.

கடைசியாக, எத்தனை கடவுள் போதும்?

7 துறைகள், நல்லவர் முதல் தீயவர் வரை 9 குணங்கள். பெருக்கினால் 63 கட்டங்கள். எல்லாவற்றையும் நிரப்ப ஆசை வரும். வேண்டாம். மூன்று பேர் போதும்: கிளெரிக் கும்பிடும் ஒருவர், ஊர் கும்பிடும் ஒருவர், இந்த இருவரோடும் ஒத்துப்போகாத ஒருவர். மற்றவர்களை ஆட்டம் போகப் போகச் சேர்த்துக்கொள்ளலாம்.

என் பழைய ஷீட் இன்னும் இருக்கிறது. 24 வரிசைகளில் 3 மட்டும் மிச்சம். புதிதாக இரண்டு விவரங்களைச் சேர்த்திருக்கிறேன்: 'என்ன கேட்கும்?', 'எதை மன்னிக்காது?'