உருவப்படம்: கருப்பு-வெள்ளையும் வர்ணமும்

உருவப்படம் என்பது ஒருவருடைய முகச்சாயலை நிலைநிறுத்தும் பிம்பம். புகைப்படக் கலையில் அது கருப்பு-வெள்ளை, கையால் வர்ணம் தீட்டியது, வர்ணப்படம் என மூவகைப்படும். கருப்பு-வெள்ளையில் சருமம், உடை, பின்புலம் அனைத்தும் ஒளியின் தாரதம்மியமாக மாறிவிடுவதால், பார்வை கண்களிலும் நெற்றிச் சுருக்கங்களிலும் தங்குகிறது. வர்ணப்படத்திலோ குங்குமமும் பட்டுச்சேலையின் கரையும் முதலில் கவனத்தை ஈர்த்து, அந்நபரின் காலத்தையும் அந்தஸ்தையும் உணர்த்துகின்றன. ஆயினும் கருப்பு-வெள்ளை யதார்த்தத்துக்கு அணுக்கமானது என்ற நம்பிக்கை பிழையானது: சிவப்பொளியை உணராத பழைய புகைப்படத் தகடுகள் குங்குமத்தைக் கரும்பொட்டாகவும், மாநிறச் சருமத்தை உள்ளதினும் கருமையாகவும் பதிவுசெய்தன; எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906இல் விற்பனைக்கு வந்த பின்னரே இக்குறை படிப்படியாக நீங்கிற்று. 1935இல் கோடக்ரோம் என்னும் வர்ணப் பிலிம் வெளிவந்தும், தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் கருப்பு-வெள்ளையே நெடுங்காலம் நிலவியது. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்னும் பெயரில் அதற்கான பிலிம் சுருளை வழங்கியது. மறைந்த மூத்தோரின் பழைய படங்கள் இன்று கணினியில் வர்ணமூட்டப்படுகின்றன. அவ்வர்ணம் பெரிதும் ஊகத்தால் விளைவதாதலின், மூலப்படத்தையும் உடன் பாதுகாத்தல் அவசியம்.