வடக்கின் சமர் பிறந்த கதை

1904ஆம் ஆண்டு அமெரிக்காவில் பேஸ்போல் உலகத் தொடர் நடக்கவில்லை. நியூயோர்க் ஜயன்ட்ஸ் அணியின் உரிமையாளர் ஜோன் பிரஷும் அணியை நடத்திய ஜோன் மக்ரோவும், அங்கிருந்த இரண்டு லீக்குகளில் மற்றதில் முதலிடம் பெற்ற பொஸ்டன் அணியோடு ஆட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். புதிதாக முளைத்த அந்த லீக்கைத் தங்களுக்குச் சமமாக மதிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அதே 1904இல் யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தில் எதிரெதிரே இறங்கின. இன்று ‘வடக்கின் சமர்’ என்று நாங்கள் எண்ணிக்கொண்டு வரும் வரிசையில் அதுதான் முதலாவது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு காரணம் உண்டு. முதல் ஆட்டத்தை எவரும் ஆடிவிடலாம். தோற்ற அணி மறு ஆண்டும் வந்து நிற்கவேண்டும். வென்ற அணியும் ‘இவர்களோடு இனி எங்களுக்கு என்ன வேலை’ என்று ஒதுங்காமல் வரவேண்டும். அது நடந்தால்தான் ஒரு போட்டி பிறந்தது என்று சொல்லலாம் என்பது என் எண்ணம். அமெரிக்காவில் அந்தப் பிறப்பு பலமுறை தவறிப்போனது.

அங்கே தொழில்முறை அணிகளின் முதல் பெரிய தொடர் 1884 ஒக்டோபரில் நடந்தது. புரொவிடன்ஸ் கிரேஸ் அணியும் நியூயோர்க் மெற்றோபொலிற்றன்ஸ் அணியும் மூன்று ஆட்டங்கள் ஆடின. சார்ள்ஸ் ராட்போர்ன் என்ற ஒரே வீச்சாளர் மூன்றிலும் பந்துவீசி மூன்றையும் வென்று கொடுத்தார். மூன்றாம் நாள் கடுங்குளிர்; பார்க்க வந்தவர்கள் சில நூறு பேர்தான். மறு ஆண்டு சிக்காகோவும் சென் லூயிஸும் மோதியபோது, நடுவரின் தீர்ப்பு பிடிக்காமல் சென் லூயிஸ் தலைவர் கொமிஸ்கி தன் அணியையே மைதானத்தை விட்டு அழைத்துப்போய்விட்டார். யார் வென்றது என்பதிலேயே கடைசிவரை சச்சரவு. 1890க்குப் பிறகு அந்தத் தொடர் நின்றுபோனது. பின்னர் 1894இல் பிற்ஸ்பேர்க் நகரத்துச் செல்வந்தர் வில்லியம் ரெம்பிள் ஒரு வெள்ளிக் கிண்ணத்தைக் கொடுத்துப் புதிய தொடர் ஒன்றைத் தொடங்கிவைத்தார். வெல்பவர்களுக்குப் பணத்தில் பெரும்பங்கு என்பது ஏற்பாடு. ஆட்டக்காரர்களோ வென்றாலும் தோற்றாலும் சரிபாதி என்று தமக்குள் இரகசியமாகப் பேசிக்கொண்டார்கள். நாலே ஆண்டில் அதுவும் முடிந்தது.

1903இல் பிற்ஸ்பேர்க் உரிமையாளர் பார்னி டிரைபஸ் பொஸ்டனைத் தானாகவே ஆட அழைத்தார். ஒன்பது ஆட்டங்களில் எவர் ஐந்தை முதலில் வெல்கிறாரோ அவர்தான் வெற்றியாளர் என்று ஒப்பந்தம். பொஸ்டன் ஐந்துக்கு மூன்று என்று வென்றது. தோற்ற டிரைபஸ் செய்த காரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். உரிமையாளருக்கென்று வந்த பங்கையும் தன் வீரர்களின் பணத்தோடு சேர்த்துவிட்டார். அதனால் தோற்ற அணியின் வீரர்கள் வென்ற வீரர்களைவிடக் கூடுதலாகப் பெற்றார்கள். இவ்வளவு நல்ல தொடக்கத்தைத்தான் அடுத்த ஆண்டே ஜயன்ட்ஸ் தட்டிவிட்டது. ஊர் முழுதும் ஏசிய பிறகு அதே பிரஷ் உட்கார்ந்து விதிகளை எழுதிக்கொடுக்க, 1905இல் தொடர் திரும்பவும் நடந்தது.

இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம்.

யாழ்ப்பாணத்து இரண்டு பள்ளிக்கூடங்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த இரண்டு மிசன்களின் பிள்ளைகள். மெதடிஸ்த மிசன் தொடங்கிய ஆங்கிலப் பள்ளிக்கு 1834இல் மத்திய பாடசாலை என்று பெயர் வைத்தவர் பீற்றர் பேர்சிவல் பாதிரியார். அங்கே படித்து அங்கேயே ஆசிரியராக இருந்த ஆறுமுக நாவலர் அவரோடு சேர்ந்து வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தது எல்லோரும் அறிந்தது. பரியோவான், திருச்சபை மிசனின் ஜோசப் நைற் பாதிரியார் 1823இல் நல்லூரில் தொடங்கிய ஆங்கில செமினறியிலிருந்து வளர்ந்தது. பிறகு சுண்டிக்குளிக்கு இடம்மாறி, 1891இல் பரியோவான் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. 1900 முதல் இருபது ஆண்டுகள் அதன் அதிபராக இருந்தவர் ஜேக்கப் தொம்சன் பாதிரியார். சமர் தொடங்கியதும் வேர் பிடித்ததும் அவர் காலத்தில்.

கோட்டைக்கு எதிரே ஒன்று, சுண்டிக்குளியில் மற்றொன்று. நடந்தே போய்விடக்கூடிய தூரம். அந்தக் காலத்தில் இந்த அண்மைக்குப் பெரும் பெறுமதி இருந்தது. காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை 1902இலேயே கோச்சி ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரே கோச்சி வந்தது 1905 ஓகஸ்டில்தான். கொழும்பில் றோயலும் சென் தோமஸும் 1879 முதல் ஆடிவந்த ஆட்டம் இங்குள்ள ஆசிரியர்களுக்குத் தெரியாமல் இருந்திராது. ஆனால் தெற்கே போய் ஆடிவிட்டு வருவது லேசான காரியம் அல்ல. நிகரான எதிராளி தன் ஊருக்குள்ளேயே கிடைத்தால்தான் ஆண்டுதோறும் ஆடமுடியும். அப்படி ஒரு எதிராளி இருவருக்கும் கிடைத்தார். ஒரே ஆங்கிலப் பரீட்சைகள், ஒரே அரசாங்க உத்தியோகக் கனவு, ஒரே மலாயாக் கப்பல் என்று வகுப்பறையில் ஏற்கெனவே போட்டியிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. அமெரிக்க மிசன் 1816இலேயே குடாநாட்டுக்கு வந்துவிட்டது. வட்டுக்கோட்டை செமினறியும் அதன் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரியும் மானிப்பாய் மருத்துவமனையும் அவர்கள் தந்தவை. அப்படியிருந்தும் யாழ்ப்பாணக் கல்லூரியின் பெரிய ஆட்டமும் பேஸ்போல் அல்ல, கிரிக்கெட்தான்; சென் பற்றிக்ஸ் கல்லூரியோடு ஆடும் அந்த ஆட்டத்தைப் ‘பொன் அணிகளின் சமர்’ என்கிறோம். ஆட்சி எவருடையதோ அவருடைய ஆட்டம் வேர்விட்டது. ஆனால் அணி கட்டி மோதுகிற குணத்தை வெள்ளைக்காரர் கொண்டுவந்ததாக நான் நம்பவில்லை. சித்திரை வருடப்பிறப்போடு ஊர்களில் போர்த்தேங்காய் அடித்தவர்கள், மாட்டுவண்டிச் சவாரிக்குக் காளைகளை வருடம் முழுக்கத் தீனி போட்டு வளர்த்தவர்கள் எங்கள் ஆட்கள். மட்டையும் பந்தும் புதிது. வரிந்துகட்டிக்கொண்டு எதிர்ஊரைப் பார்த்து நிற்பது பழையது.

ஆடுகளத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். நெடுங்காலம் இந்தச் சமர் புல் ஆடுகளத்தில் ஆடப்படவில்லை. இறுக்கிய தரையின்மேல் தென்னந்தும்பில் நெய்த பாயை விரித்து, ஓரங்களை இழுத்து ஆணியடித்து ஆடினார்கள். மற்றிங் என்றால் யாழ்ப்பாணத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பாயை இழுத்துக் கட்டியிருந்தால் பந்து விசையோடு நெஞ்சுக்கு எழும்பும். சற்றுத் தளர்ந்திருந்தால் தும்பு பந்தைப் பிடித்துக்கொள்ளும். சுழற்பந்து ஒரு முழத்துக்குத் திரும்பும். அதனால் காலையில் பாயை எவர் எப்படி இழுத்துக் கட்டினார் என்பதே அன்றைய முதல் வாக்குவாதமாகிவிடும். இப்படிப்பட்ட பாயில் வளர்ந்த துடுப்பாட்டக்காரர் பின்காலில் நின்று வெட்டி அடிப்பதில் வல்லவர். பந்து தாழ்ந்து வரும் புல் ஆடுகளத்துக்குப் போனால் திணறுவார். வடக்கின் பிள்ளைகள் தேசிய அணியை அரிதாகவே எட்டியதற்குச் சொல்லப்படும் பல காரணங்களில், மறுக்கமுடியாத ஒன்று இந்தப் பாய்.

பிக் மச் என்று நாங்கள் சொல்லும் இந்தச் சமரின் கிழமை வந்தால் நகரமே இரண்டாகப் பிரியும். கொடி கட்டிய சைக்கிள்கள், பாண்ட் வாத்தியம், வெயிலில் தொண்டை கிழியக் கத்தும் பொடியன்கள். தாத்தா ஒரு கல்லூரி, மருமகன் மற்றது என்ற வீடுகளில் அந்த நாள்களில் சோறு போடும்போதும் ஓட்டக் கணக்குத்தான். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய மாணவர்கள் லீவு எடுத்துக்கொண்டு மார்ச்சில் ஊருக்கு வருகிறார்கள். வரமுடியாதவர்கள் விடிய விடிய நேரலையில் இருக்கிறார்கள். இதில் எவருக்கும் ஒரு சதம் கிடைப்பதில்லை. ஆடுகிறவர்கள் பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட பள்ளிப் பிள்ளைகள்.

போர் வந்தபோது இதுவும் போயிருக்கவேண்டும். மத்திய கல்லூரிக்கு எதிரே கோட்டை. பக்கத்தில் 1981இல் எரிக்கப்பட்ட பொது நூலகம். 1990இல் கோட்டை முற்றுகையின்போது அந்தச் சுற்றுவட்டாரமே ஷெல்லுக்கும் குண்டுக்கும் இரையானது. அதே ஆண்டு கோச்சியும் நின்றது. யாழ்ப்பாணம் அதைத் திரும்பப் பார்த்தது 2014இல். 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுதும் ஓரிரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. பள்ளிக்கூடங்களும் சனத்தோடு இடம்பெயர்ந்தன. இவ்வளவுக்கும் பிறகு 2023 மார்ச்சில் மத்திய கல்லூரி மைதானத்தில் நடந்தது 116ஆவது சமர். 1904 முதல் அதுவரை 120 ஆண்டுகள். கணக்குப் போட்டால் தவறியவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுகின்றன; அதில் ஒன்று 2021, கொரோனா ஆண்டு. கோடிக்கணக்கில் பணம் புரளும் அமெரிக்கத் தொடர் 1994இல் சம்பளத் தகராற்றில் முற்றாக நின்றது என்பதையும் நினைத்துக்கொள்கிறேன்.

போர் ஆண்டுகளில் ஆடிய பிள்ளைகளின் துணிவையும், மைதானத்துக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த ஆசிரியர்களின் துணிவையும் எவரும் இன்னும் முழுமையாக எழுதவில்லை என்பது எனக்கு ஆறாத குறை. பழைய ஓட்டப் பதிவேடுகள், அணிப் படங்கள், மஞ்சளித்த பத்திரிகைத் துண்டுகள் எவருடைய வீட்டுப் பெட்டியிலாவது கிடந்தால், கரையான் தின்ன விடாமல் படியெடுத்து இரண்டு கல்லூரி நூலகங்களுக்கும் கொடுத்துவிடுங்கள். ஆடியவர்கள் இருக்கும்போதே அவர்களை உட்காரவைத்துக் கேட்டுப் பதிவுசெய்யும் வேலையைப் பழைய மாணவர் சங்கங்கள் இந்த ஆண்டே தொடங்கவேண்டும்.