தவறியது மருந்தா, வழியா? டிரிப்டான் பலிக்காத ஒற்றைத் தலைவலியும் 2004ஆம் ஆண்டு ஆய்வின் வாசிப்பும்

டிரிப்டான் மாத்திரை பலிக்கவில்லை என்று வரும் ஒற்றைத் தலைவலி நோயாளியிடம் முதலில் கேட்கப்படுவது, அதை எப்போது விழுங்கினீர்கள் என்பதுதான். தாமதமாக விழுங்கினார் என்றால் குறை அவருடையது. உடனே விழுங்கினார் என்றால் ‘டிரிப்டான் பலிக்காதவர்’ ஆகிவிடுகிறார். சீட்டில் வேறு வகை மருந்து ஏறுகிறது. இரண்டு தீர்ப்புகளுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: தாக்குதல் தொடங்கிச் சில மணி நேரத்தில் மைய நரம்பு மண்டலம் மிகையுணர்வு அடைகிறது, தலைமயிரைச் சீவினாலே வலிக்கும் அல்லோடினியா தோன்றுகிறது, அதற்குப் பின் டிரிப்டானால் பயனில்லை. பாடநூல்களிலும் மருத்துவர்களுக்கான பயிற்சி வகுப்புகளிலும் இது ஏறக்குறைய முடிந்துபோன செய்தியாகவே வழங்குகிறது. ஆனால் மனிதர்களைப் பொறுத்தவரை இதன் எடையில் பெரும்பகுதியைச் சுமப்பது ஒரே ஆய்வு. அந்த ஆய்வு சொல்லாத ஒன்றை அதன் தலையில் ஏற்றியிருக்கிறோம் என்பது என் வாதம்.

ராமி பர்ஸ்டீனும் அவருடன் பாஸ்டனில் பணியாற்றியவர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வு அது. 31 நோயாளிகள், 61 தாக்குதல்கள். மருந்து கொடுக்கும் நேரத்தில் தோலின் உணர்திறனைக் கருவியால் அளந்தார்கள். 34 தாக்குதல்களில் அல்லோடினியா இருந்தது, 27இல் இல்லை. அல்லோடினியா இல்லாத தாக்குதல்களில் 93 விழுக்காடு இரண்டு மணி நேரத்தில் முற்றாக நீங்கின. இருந்தவற்றில் 15 விழுக்காடுதான். எலிகளில் அதே குழுவினர் கண்டதோடு இது அழகாகப் பொருந்தியது. டிரிப்டான், முக்கிளை நரம்பின் இழைகள் தண்டுவடப் பின்கொம்பில் வந்து முடியும் இடத்தில் செய்தியைத் தடுக்கிறது. ஆனால் அங்குள்ள மைய நரம்பணுக்கள் தாமாகவே கிளர்ந்து நிற்கத் தொடங்கிவிட்டால் அந்தத் தடையால் ஆவது ஒன்றுமில்லை. இந்த உடலியக்க விளக்கத்தை நான் மறுக்கவில்லை.

மறுப்பது, அதிலிருந்து பிறந்த ‘சீக்கிரம் விழுங்கு’ என்ற கட்டளையை. அந்த ஆய்வையே கவனமாகப் படித்தால் கடிகாரம் அங்கே பின்னுக்குப் போயிருப்பது தெரியும். அல்லோடினியா ஏற்கெனவே இருந்த தாக்குதல்களில் மருந்தைத் தொடக்கத்திலேயே கொடுத்தபோதும் வலி முற்றாக நீங்குவது அரிதாகவே இருந்தது. அல்லோடினியா வராதவர்களுக்குப் பிந்திக் கொடுத்தும் பலித்தது. ஆக, ஆய்வாளர்கள் அளந்தது தோலின் நிலை. நாம் அதை நேரமாக மொழிபெயர்த்துக்கொண்டோம். அல்லோடினியா உருவாகச் சற்று நேரமாகும் என்பதால் இரண்டும் பலரிடம் ஒன்றாகப் போகலாம், எல்லாரிடமும் போவதில்லை.

இன்னொரு சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. 61 தாக்குதல்களும் 31 பேருடையவை. ஒருவரே இரு தாக்குதல்களைத் தந்திருக்கும்போது அவற்றைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணுவது எவ்வளவு சரி? அல்லோடினியா எப்போதும் வருபவர், எப்போதுமே வராதவர் என்று பிரியும் இரு கூட்டத்தார் அல்லோடினியாவில் மட்டும்தான் வேறுபடுகிறார்களா? நோயின் ஆண்டுகள், மாதத்தில் வலி வரும் நாள்கள், முன்பு எடுத்த வலிநிவாரணிகள் என எத்தனையோ இருக்கலாம். யாரையும் அல்லோடினியாவுக்குக் குலுக்கல் முறையில் ஒதுக்க முடியாது என்பது உண்மைதான். அதனாலேயே 93க்கும் 15க்கும் உள்ள இடைவெளியைக் காரணமாக வாசிக்கக் கூடாது, அடையாளமாகத்தான் வாசிக்கலாம். அந்த 93 என்ற எண்ணே நம்மை நிறுத்தி யோசிக்க வைத்திருக்க வேண்டும். டிரிப்டான்களில் மிக வலியதாகிய சுமாட்ரிப்டான் தோலடி ஊசிகூட, சோதனைகள் அனைத்தையும் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வில் 59 விழுக்காட்டைத் தாண்டவில்லை.

கட்டளையை நேரடியாகச் சோதித்த முயற்சியும் உண்டு. வலி இலேசாக இருக்கும்போதே அல்மோட்ரிப்டான் கொடுப்பதையும், மிதமாகவோ கடுமையாகவோ ஆனபின் கொடுப்பதையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட சோதனை 2008இல் வெளிவந்தது. ஒதுக்கப்பட்டபடியே அனைவரையும் கணக்கில் கொண்டபோது இரண்டு மணி நேரத்தில் வலி நீங்கியவர்கள் 49 விழுக்காடு, 40 விழுக்காடு. இந்த வேறுபாடு புள்ளியியல் எல்லையைத் தொடவில்லை. சொன்னபடி மருந்தெடுத்தவர்களை மட்டும் பிரித்தபோது அது 53, 38 ஆயிற்று. மேற்கோளாகச் சுற்றிவருவது இந்த இரண்டாம் கணக்குதான். மருந்துப்போலி எடுத்தவர்களும் இலேசான வலியில் கூடுதலாகவே குணமானார்கள்: 25க்கு எதிராக 17. அதைக் கழித்தால் மிஞ்சும் ஆதாயம் 28, 21. முன்னதாக எடுப்பதில் நன்மை இருக்கக்கூடும். ஆனால் அது ஒரு படி ஏற்றம், 15இலிருந்து 93க்கான தாவல் அல்ல. அல்மோட்ரிப்டானின் மற்றொரு சோதனையை 2009இல் மறுபகுப்பாய்வு செய்தவர்கள் பலனை முன்னறிவித்தவை வலியின் அளவும் மருந்தெடுத்த நேரமுமே, அல்லோடினியா அறிகுறிகள் அல்ல என்றார்கள். அங்கே அல்லோடினியா வினாநிரலால் அறியப்பட்டது, கருவியால் அளக்கப்படவில்லை என்பார்கள். இருக்கட்டும். மருத்துவமனை அறையில் நம்மிடம் இருப்பதும் வினாநிரல்தானே!

அப்படியானால் மாத்திரை ஏன் தவறுகிறது? என் விடை வயிற்றில் இருக்கிறது. தாக்குதலின்போது இரைப்பை சோம்பிவிடுகிறது என்பதையும், ஆஸ்பிரின் மெதுவாகவே இரத்தத்தில் ஏறுகிறது என்பதையும், மெட்டோக்ளோப்ரமைடு கொடுத்தால் அது சீராகிறது என்பதையும் 1970களிலேயே வோலன்ஸ் காட்டியிருக்கிறார். வாய்வழிச் சுமாட்ரிப்டானில் உடலுக்குக் கிட்டுவது 15 விழுக்காடு அளவே. தோலடி ஊசியில் 96. ஊசி மருந்து இரத்தத்தில் உச்சத்தைத் தொட ஏறக்குறைய 12 நிமிடம் போதும். மாத்திரைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். காக்ரேன் எண்களைப் பக்கத்தில் வையுங்கள்: 100 மில்லிகிராம் மாத்திரையில் இரண்டு மணி நேரத்தில் வலி நீங்கியவர் 32 விழுக்காடு (மருந்துப்போலியில் 11), 6 மில்லிகிராம் ஊசியில் 59 (மருந்துப்போலியில் 15). மூலக்கூறு ஒன்றே. வழி மாறியதும் நிகர ஆதாயம் 21இலிருந்து 44 ஆகிறது. மூக்குத் தெளிப்பு இடைப்பட்ட வழி என்று எண்ணுவோர் உண்டு. தெளித்ததில் பெரும்பகுதி தொண்டை வழியே வயிற்றுக்குத்தான் போய்ச் சேர்கிறது.

தோலடிச் சுமாட்ரிப்டான் தாக்குதலின் எந்தக் கட்டத்திலும், வலி எந்த அளவில் இருந்தாலும் ஆறுதல் தருகிறது என்று லிண்டேயும் உடனிருந்தோரும் 2006இல் அறிவித்தார்கள். சிறிய ஆய்வு, அதை வைத்து மட்டும் யாரும் கொள்கை வகுக்க வேண்டாம். எதிர்த்திசையில், சுமாட்ரிப்டானுக்கு அசையாத அல்லோடினியாத் தாக்குதல்களை நரம்புவழிக் கீட்டோரோலாக் தணிக்கிறது என்று பாஸ்டன் குழுவே 2005இல் காட்டியது. அபினி வகை மருந்து எடுத்த வரலாறு உடையவர்களிடம் அதுவும் பலிக்கவில்லை. ஆக, வழியை மாற்றியும் மீறி நிற்கும் தாக்குதல்கள் உண்டு. அவைதான் உண்மையில் கடினமானவை. மாத்திரையோடு நின்றுவிட்டவர்களையும் அவற்றோடு ஒரே கூடையில் போட்டிருப்பதால் யாருக்கு எது தேவை என்பது நமக்குத் தெரியாமலே போகிறது.

நேரக் கட்டளை வேறொரு தீங்கும் செய்கிறது. விடியற்காலையில் கடும் வலியோடு விழிப்பவருக்கு ‘இலேசான வலி’ என்ற கட்டமே கண்ணில் படுவதில்லை. அடிக்கடி தாக்கப்படுபவரோ, முதல் குத்தலிலேயே விழுங்கப் பழகினால் மாதத்தில் 10 நாள் என்ற எல்லையை எளிதில் கடந்து மருந்து மிகைப்பயன்பாட்டுத் தலைவலிக்குள் விழுகிறார். ஊசிக்கு அஞ்சுவார்கள் என்ற மறுப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் நிறைந்த காலம் இது. இதயத் தமனி நோய் உள்ளவர்களுக்கு எந்த வழியிலும் டிரிப்டான் ஆகாது. அவர்கள் தகுதியற்றவர்கள், பலிக்காதவர்கள் அல்லர். லாஸ்மிடிட்டான், ஜெபன்ட்கள் ஆகிய புதிய மருந்துகள் முதலில் அவர்களுக்கே உரியவை. லாஸ்மிடிட்டான் எடுத்தபின் 8 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மாத்திரை தவறியவர் அனைவரையும் புதிய மாத்திரைக்கு அனுப்பும் வழக்கத்துக்கு எண்கள் துணை நிற்கவில்லை. 2019இல் வெளியான சோதனையில் ரிமெஜெபன்ட் என்ற ஜெபன்ட் எடுத்தவர்களில் 21 விழுக்காட்டினருக்கு இரண்டு மணி நேரத்தில் வலி நீங்கியது, மருந்துப்போலியில் 11. வெவ்வேறு சோதனைகளின் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடுவது ஆபத்து என்று அறிவேன். ஆனாலும் 10க்கும் 44க்கும் உள்ள தொலைவு, சோதனைகளின் வேற்றுமையால் மட்டும் விளைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஐரோப்பியத் தலைவலிக் கூட்டமைப்பு 2022இல் வகுத்த இலக்கணம் இவ்வகையில் சரியான இடத்தில் கோடு போட்டிருக்கிறது. ஒரு டிரிப்டான் தவறியவர் வேறு, இரண்டு தவறியவர் வேறு. தோலடி ஊசி உட்பட மூன்றாவது தவறினால்தான் முற்றாகப் பலிக்காதவர். ஒரு டிரிப்டானுக்கு அசையாதவர்கள் வேறொன்றுக்கு இணங்குவதை மாற்றுச் சோதனைகள் காட்டியிருப்பதால் அந்தப் படிநிலை அவசியமே. ஆனால் நடைமுறையில் இரண்டாம் படியிலேயே ஆளை ஒதுக்கிவிடுகிறோம். டிரிப்டான் போதாதவர்களைச் சேர்த்து இனி நடத்தப்படும் சோதனைகளின் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஊசியை முயன்றவர்கள் என்பதை முதல் அட்டவணையிலேயே அச்சிடுங்கள். இதழாசிரியர்கள் அந்த வரிசை இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்ப வேண்டும்.