பாலையின் வெள்ளிக்கிழமை

அகப்பொருள் இலக்கணத்தை மாணவர்க்குப் பாடம் சொல்லும்போது நமக்கு ஓர் உறுத்தல் எழுவதுண்டு. நாற்கவிராச நம்பி ஒவ்வொரு திணைக்கும் உரிய தொழிலையும் பொழுதுபோக்கையும் வரிசைப்படுத்துகிறார். குறிஞ்சியார்க்குச் சுனையாடல், முல்லையார்க்குக் கான்யாற்றாடல், மருதத்தார்க்குப் புனலாடல், நெய்தலார்க்குக் கடலாடல் என நான்கு நிலத்திற்கும் நீராட்டு உண்டு. பாலைக்கு வரும்போது போரும் பகற்கொள்ளையும் மட்டுமே எஞ்சுகின்றன. சிலப்பதிகார வேட்டுவ வரியில் எயினர் ஆடுகிறார்கள். ஆனால் அதுவும் கொற்றவை வழிபாட்டை ஒட்டிய ஆட்டமே. பாலை என்பது கடந்து செல்வதற்கான வழி, அங்கே தங்கி விளையாட யாருக்கு நேரம் என்று நம் முன்னோர் எண்ணினர் போலும்.

ஒருமுறை இப்பாடத்தின் இறுதியில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, எங்க அப்பா இருபத்திரண்டு வருஷம் துபாய்ல இருந்தாங்க. அங்க லீவு நாள்ல என்ன செய்வாங்கன்னு நான் கேட்டதே இல்ல" என்றான். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. கருங்கல் சந்தையைச் சுற்றியுள்ள ஊர்களில் வளைகுடா சென்ற ஒருவரேனும் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பொருள்வயிற் பிரிவு என்பது இங்கே பாடத்திட்டத்திலுள்ள துறை மட்டுமன்று. ஆயினும் அப்பிரிவின் வரலாற்றை நாம் எழுதும்போது கட்டிய வீடுகளை எண்ணுகிறோம், கொடுத்த நகையை எண்ணுகிறோம். போனவர்களின் ஓய்வு நாளை எண்ணுவதில்லை. இளமையின் இருபது ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளிக்கிழமைகள் உண்டு. அவை எங்கே போயின என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

துபாய்க் கடற்பகுதியில் எண்ணெய் கண்டறியப்பட்டது 1966இல். 1971 டிசம்பர் 2 அன்று ஐக்கிய அரபு அமீரகம் உருவாயிற்று. 1972இல் ரஷீத் துறைமுகமும், 1979இல் ஜெபல் அலி துறைமுகமும் முப்பத்தொன்பது மாடி உலக வணிக மையமும் திறக்கப்பட்டன. இவற்றை எழுப்பிய கைகளுள் தென்னிந்தியக் கைகள் பல. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த நம் விளவங்கோடு, கல்குளம் பகுதி இளைஞர்கள் மலையாளம் பேசும் அண்டை ஊரார் சென்ற வழியிலேயே சென்றனர். கொத்தனாராகவும் கம்பி கட்டுபவராகவும் ஓட்டுநராகவும் சென்றனர். கடற்கரை ஊரார் மீன்பிடிக்கவே சென்றனர்.

அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'பேச்சிலர்'. ஊரில் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தாலும், குடும்பத்தை உடன் அழைத்துவராத ஆண் அந்நகரத்தின் வழக்கில் பேச்சிலரே. குடும்பத்தை அழைத்துக்கொள்ளக் குறிப்பிட்ட அளவு சம்பளம் வேண்டும் என்பது விதி. ஆகவே இச்சொல் திருமணத்தைக் குறிப்பதன்று, வருமானத்தைக் குறிப்பது. ஒருவர் எங்கே குடியிருக்கலாம், எந்தப் பூங்காவிற்குள் எந்த நாளில் நுழையலாம் என்பது வரை இச்சொல்லே முடிவுசெய்தது. பூங்காக்கள் சிலவற்றில் வாரத்தின் சில நாட்கள் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே. சில இடங்கள் குடும்பத்தினர்க்கு மட்டுமே.

இத்தகைய நகரில் பேச்சிலரின் வெள்ளிக்கிழமை எப்படிக் கழிந்தது? காலையில் வாரத்துத் துணிகளைத் துவைப்பது முதல் வேலை. நம் பகுதியாருள் கிறித்தவர் மிகுதி. அவர்களுக்கு வெள்ளியே ஞாயிறாயிற்று. 1967இல் தொடங்கிய துபாய் புனித மரியாள் ஆலயத்தில் வெள்ளிக்கிழமை வழிபாட்டிற்குத் திரண்ட கூட்டம் பெரிது. தமிழிலும் மலையாளத்திலும் திருப்பலி உண்டு. பூசை முடிந்த பின் மதிலோரம் நின்று ஊர்க்கதை பேசும் அரைமணி நேரமே பலருக்கு அந்த வாரத்தின் உண்மையான ஓய்வு. யார் ஊருக்குப் போகிறார்கள், யாரிடம் பொருள் கொடுத்தனுப்பலாம் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். மாலையில் தேராவின் பனியாஸ் சதுக்கம். வாங்குவதற்கு ஒன்றுமில்லாவிட்டாலும் தன் மொழி காதில் விழும் என்பதற்காகவே அங்கே சென்று நின்றவர் எத்தனையோ பேர். வேட்டுவ வரியை இங்கே மீண்டும் நினைவுகூரலாம். பாலையில் ஆட்டம் வழிபாட்டை ஒட்டியே எழும் என்ற பழைய கணிப்பு அத்துணைப் பிழையானதன்று.

இரண்டாவது ஆட்டம் கிரிக்கெட். கட்டடம் எழாத மணல்மனைகளும், விடுமுறையில் வெறிச்சோடும் கார் நிறுத்துமிடங்களும் வெள்ளி விடியலில் மைதானங்களாயின. வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். காவலர் வந்தால் மட்டையை எடுத்துக்கொண்டு கலைந்துவிட வேண்டும். ஓர் அணியில் தமிழர், மலையாளி, பாகிஸ்தானியர், வங்காளி என எல்லோரும் கலந்திருப்பர். இந்த வேட்கையின் பெருவடிவமே சார்ஜா. அப்துல் ரகுமான் புகாதிர் என்னும் தொழிலதிபர் 1980களின் தொடக்கத்தில் அங்கே எழுப்பிய அரங்கில் 1984 ஏப்ரலில் முதல் ஆசியக் கோப்பை நடந்தது, இந்தியா வென்றது. 1986 ஏப்ரல் 18 அன்று மியான்தத் கடைசிப் பந்தில் அடித்த ஆறும், 1998 ஏப்ரலில் மணற்புயல் வந்து நின்ற இரவில் டெண்டுல்கர் எடுத்த 143 ஓட்டங்களும் ஊரில் நாம் தொலைக்காட்சியில் கண்டவை. அந்த அரங்கின் படிக்கட்டுகளில் கொடியசைத்த கூட்டத்தில் பெரும்பகுதி கட்டடங்களிலும் கடைகளிலும் உழைத்தவர்கள் என்பதை அன்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை. பாலைவனத்தில் கிரிக்கெட் வேரூன்றப் பணம் படைத்தவர் அரங்கு கட்டினார் என்பது பாதி உண்மை. அரங்கை நிரப்ப ஆள் இருந்தது என்பது மறுபாதி.

நகரமும் தன் பங்குக்கு ஓய்விடங்களைக் கட்டிக்கொண்டே வந்தது. 1975இல் சஃபா பூங்கா. 1979இல் பனிச்சறுக்குத் தளத்தோடு அல் நாசர் லெஷர்லாண்ட். 1994இல் கழியோரத்துக் கிரீக் பூங்கா. 2005இல் பேரங்காடி ஒன்றினுள்ளேயே 22,500 சதுர மீட்டரில் பனிமலை. வெளியே நாற்பத்தைந்து பாகை கொதிக்கும்போதும் இம்மலையில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழேதான். அதே 2005ஆம் ஆண்டில்தான், கோடை மாதங்களின் நண்பகலில் வெட்டவெளியில் வேலை வாங்கலாகாது என்னும் விதியும் அமீரகத்தில் வந்தது. செயற்கைப் பனியும் தொழிலாளியின் நண்பகல் நிழலும் ஒரே ஆண்டில் பிறந்தன. ஒன்றை உலகமே அறியும். மற்றதை அதன்கீழ் இளைப்பாறியவர் மட்டுமே அறிவர்.

குடும்பத்தோடு வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் கதை வேறு. 1961இல் தொடங்கிய துபாய் இந்திய உயர்நிலைப் பள்ளியும் பின்வந்த பல பள்ளிகளும் இரண்டு தலைமுறையை வளர்த்தன. அவர்கள் அடுக்ககத்தின் நடைவழியில் பந்தெறிந்து, கோடையில் பேரங்காடிகளின் குளிரில் நடந்து, குளிர்காலத்தில் கடற்கரைப் பூங்காவில் கறி சுட்டுத் தின்று வளர்ந்தனர். உலக வணிக மையக் கூடங்களையே கோடை விளையாட்டுத் திடல்களாக மாற்றும் அளவுக்கு நகரம் பிற்காலத்தில் அவர்களை எண்ணிப் பார்த்தது. ஆனால் ஆண்பிள்ளை பதினெட்டு வயதைக் கடந்தால், படிப்பில் இல்லாத நிலையில், தந்தையின் பொறுப்பில் தங்க முடியாது என்பது நெடுங்கால விதி. இவ்வயது 2022இல்தான் இருபத்தைந்தாக உயர்ந்தது. நடைவழியில் கூடி ஆடிய தோழர்கள் பதினெட்டில் நாலா திசையிலும் சிதறினர். பிறந்து வளர்ந்த ஊரில் விருந்தினராகவே இளமையைக் கழித்தவர்கள் அவர்கள். குடியுரிமை அங்கே மிக அரிதாகவே கிடைப்பது.

இந்த நிலையில்தான் 2022 அக்டோபர் 18 அன்று நடந்ததை வைத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஜீலாங்கில் இருபது ஓவர் உலகக் கோப்பைப் போட்டியில், சென்னையில் பிறந்து அமீரகத்தில் வளர்ந்த கார்த்திக் மெய்யப்பன் இலங்கைக்கு எதிராக அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தினார். அணித்தலைவர் ரிஸ்வான் கேரளத்தார். பன்னாட்டுக் கிரிக்கெட்டின் விதி, குடியுரிமை கேளாமல், குறிப்பிட்ட காலம் வாழ்ந்ததையே தகுதியாகக் கொள்கிறது. நாட்டின் சட்டம் வழங்காத உரிமையை விளையாட்டின் சட்டம் வழங்கியிருக்கிறது! மணல்மனைகளில் ஆடிக் கலைந்தவர்கள் அந்த மூன்று பந்துகளை எவ்வளவு மகிழ்ச்சியோடு பார்த்திருப்பார்கள் என்று எண்ணிக்கொள்கிறோம்.

வெள்ளிக்கிழமையும் இன்று பழைய வெள்ளிக்கிழமையாக இல்லை. 2006இல் வியாழன்-வெள்ளி விடுமுறை வெள்ளி-சனி ஆயிற்று. 2022 சனவரி முதல் அரசு அலுவலகங்களுக்குச் சனி-ஞாயிறு விடுமுறை. வெள்ளி அரைநாள் வேலைநாள். உலகச் சந்தையோடு ஒத்துப்போக எடுத்த முடிவு அது. ஆயினும் அரை நூற்றாண்டாக நம்மவர் உருவாக்கிக்கொண்ட ஒரு கிழமை அதனோடு பழங்கதையாகிறது.

பென்யாமினின் 'ஆடுஜீவிதம்' 2008இல் வந்து, பாலையின் துயரை இலக்கியத்தில் நிலைநிறுத்தியது. துயரம் எழுதப்பட வேண்டியதே. ஆனால் துயரை மட்டும் எழுதினால் போனவர்களை நாம் உழைக்கும் உடல்களாக மட்டுமே நினைவில் வைப்போம். அவர்கள் விளையாடினார்கள், பாடினார்கள், சதுக்கத்தில் சும்மா நின்றார்கள். நம்பியின் பட்டியலில் பாலைக்கு விடுபட்ட ஆடல் அதுவே.

அந்த மாணவன் அடுத்த வாரம் வந்து சொன்னான்: அப்பா அறையில் கேரம் ஆட்டத்தில் யாராலும் வெல்ல முடியாதவராம். வீட்டில் ஒருவருக்கும் தெரியாதாம். அந்த விடுமுறையில் அவன் ஒரு கேரம் பலகை வாங்கினான்.