அரசு கேளாத சத்தியப்பிரமாணம்

1938ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் ஹிட்லரின் 49ஆம் பிறந்தநாள். அன்று பழைய பிரஷ்ய ஒன்றியத் திருச்சபையின் நிர்வாகத் தலைவர் பிரீட்ரிக் வெர்னர் ஓர் உத்தரவு பிறப்பித்தார். போதகப் பணியிலிருப்போர் அனைவரும் ஹிட்லருக்கு உண்மையும் கீழ்ப்படிதலும் உடையவராயிருப்பதாகச் சத்தியப்பிரமாணம் செய்யவேண்டும். மறுப்பவர் பணியை இழப்பர். துரிஞ்சியா போன்ற சில மாநிலத் திருச்சபைகள் இவ்வழியில் முன்னரே நடக்கத் தொடங்கியிருந்தன. ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்டு ஒரு திங்களே சென்றிருந்தது. நாடெங்கும் வெற்றிக் களிப்பு.

சில மாதங்களுக்குள் போதகர்களில் பெரும்பான்மையோர் பிரமாணம் செய்துவிட்டனர். இவர்கள் யாவரும் ஹிட்லரின் அடியார்கள் அல்லர். 1934 மே மாதத்தில் பார்மெனில், கிறிஸ்துவையன்றி வேறோர் ஆண்டவர் தங்களுக்கு இல்லை என்று சான்று பகர்ந்த அறிக்கையிடும் திருச்சபையினரும் இவர்களுள் இருந்தனர். ஏன் இசைந்தனர்? அச்சத்தினால் என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். அச்சம் இருந்தது உண்மையே. அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில், வழக்கு முடிந்த மார்ட்டின் நீமொல்லர் வீடு திரும்பவில்லை. சாக்சன்ஹவுசன் சித்திரவதை முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். போதகரின் குடியிருப்பும் ஊதியமும் ஒரு கையெழுத்தைச் சார்ந்து நின்றன. ஆயினும் அச்சம் முழு விடையாகாது என்பது நம் கருத்து.

வார்சாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய உளவியலார் சாலமோன் ஆஷ் 1950களில் வெளியிட்ட ஆய்வு ஈண்டு நமக்கு உதவுகிறது. ஓர் அட்டையில் ஒரு கோடு. மற்றோர் அட்டையில் மூன்று கோடுகள். முதற்கோட்டுக்குச் சமமானது எது என்று சொல்லவேண்டும். தனித்திருக்கையில் தவறியோர் அரிது. ஆனால் முன்னேற்பாட்டின்படி அறையிலிருந்தோர் ஒருமிக்கத் தவறான விடையைக் கூறியபோது, ஆய்வுக்குரியவர் அளித்த விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தோடு சேர்ந்து தவறின. ஒருவரையும் எவரும் மிரட்டவில்லை. அந்நால்வகைக் கோடுகளும் அவர்கள் கண்முன்னேயே இருந்தன.

பலரும் இத்துடன் நிறுத்திவிடுவர். அடுத்து வருவதே நமக்கு இன்றியமையாதது. அறையில் ஒரே ஒருவர் சரியான விடையைக் கூறினாலும், பணிந்துபோவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. அத்துணையாளர் இடையில் கட்சி மாறிக் கூட்டத்தோடு சேர்ந்தபோது தவறுகள் சட்டெனப் பழைய நிலைக்கு ஏறின. அவர் கட்சி மாறாமல், ஏதோ காரணங்கூறி அறையைவிட்டு வெளியேறியபோதோ, தவறுகள் அவ்வளவு பெருகவில்லை. உண்மையாய் நின்று விலகினவரின் துணை அவர் இல்லாதபோதும் ஓரளவு தங்கியிருந்தது.

கோட்டின் நீளமும் மனச்சாட்சியின் சத்தியமும் ஒன்றல்ல. மாணவன் இழப்பதற்கு ஒன்றுமில்லை. போதகருக்கோ குடும்பம் இருந்தது. இதை மறந்து தீர்ப்புக் கூறுவது நேர்மையன்று. ஆனால் 1938இன் போதகர் தனியே அமர்ந்து சிந்தித்தபோது அவர் கண்கள் இரு பக்கம் நோக்கின: அண்டைச் சபையின் போதகர் என்ன செய்தார்? நம் பேராயம் என்ன சொல்லுகிறது? நானூறு தீர்க்கதரிசிகளும் ஒரே வாயாய்ப் பேசுகிறார்கள், நீயும் அவ்வாறே பேசு என்று மிகாயாவை அழைக்கவந்த தூதன் கூறியதும் மிரட்டலாக அன்று, நல்லெண்ண ஆலோசனையாகவே ஒலித்திருக்கும் (1 இராஜாக்கள் 22).

அறிக்கையிடும் திருச்சபையின் பிரஷ்யப் பேராயம் ஜூன் மாதத்தில் நிபந்தனைகளை விதித்துத் தயங்கி நின்றது. ஜூலை 31இல், தன் விளக்கத்தோடு பிரமாணம் செய்யலாம் என்று வழிவிட்டது. அதுவரை மறுத்து நின்றோருக்குத் துணையாயிருந்த ஒரே குரல் அதுவே. முகாமிலிருந்த நீமொல்லரின் மௌனம் அவர்களுக்கு எவ்வளவு வலிமை தந்ததோ, அவ்வளவு சோர்வைப் பேராயத்தின் தீர்மானம் தந்தது எனலாம்.

அத்தீர்மானத்துக்கு முன்னரே, ஜூலை மாதத்திலேயே, கட்சியின் உயர் அலுவலர் மார்ட்டின் போர்மன் மாவட்டத் தலைவர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். திருச்சபைகள் தாமாகவே இவ்வுத்தரவைப் பிறப்பித்தன. கட்சியோ அரசோ கேளாத பிரமாணத்துக்கு உட்சபை மதிப்பேயன்றி வேறு மதிப்பில்லை. செய்தவர், செய்யாதவர் என்று போதகர்களிடையே வேறுபாடு காட்டலாகாது என்பதே அதன் சாரம். ஆகஸ்டில் இக்கடிதம் வெளிப்பட்டது. அதே ஆகஸ்டு மாதம் 11ஆம் நாள் டீட்ரிக் பான்ஹோபர் தம் திருச்சபையின் சகோதரர் மன்றத்துக்கு, பேராயத்தின் முடிவைக் கடிந்து எழுதினார். அதற்குள் பெரும்பான்மையான போதகர்கள் கைதூக்கிச் சத்தியம் செய்து முடித்திருந்தனர்.