கேசட்டுல இருக்கற மாதிரியே

சேலம்–நாமக்கல் சாலையில் இருக்கும் புதுச்சத்திரம் எங்க ஊர். மாரியம்மன் நோம்பிக்கு ஆர்கெஸ்ட்ரா வந்தால் விடிய விடிய உட்கார்ந்து கேட்போம். பாடுகிறவருக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு ஒன்றுதான்: "கேசட்டுல இருக்கற மாதிரியே பாடறாருடா!" கிட்டார்காரர் சொந்தமா ஏதாவது சேர்த்து வாசித்தால் கூட்டம் முகம் சுளிக்கும். நானும் சுளித்திருக்கிறேன். நகல் பிசகாமல் இருந்தால்தான் எங்களுக்கு அது அசல்.

கல்லூரியில் ராக் கேட்க ஆரம்பித்தபோது எல்லாம் தலைகீழ். உன் பாட்டை உன் குரலில் பாடினால்தான் அங்கே அசல். ஆனால் அந்த ரசிகர்களும் மனசுக்குள் ஒரு கேசட்டை வைத்திருந்தார்கள். 1965 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் பாப் டிலன் எலெக்ட்ரிக் கிட்டாரோடு மேடையேறினார். கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. அடுத்த வருஷம் மே மாதம் மான்செஸ்டரில் ஒருவர் "யூதாஸ்!" என்றே கத்தினார். டிலன் பாடியது பெரும்பாலும் அவரே எழுதிய பாட்டுகளைத்தான். கத்தியவருக்கு வேண்டியிருந்தது பழைய டிலன்.

டிலனுக்கு வசவோடு போயிற்று. நம்ம பக்கம் 'அசலா இரு' என்ற சொல்லுக்குக் கனம் அதிகம். பறையைச் சாவு வீட்டில் கேட்டிருக்கிறேன், சாமி ஊர்வலத்தில் கேட்டிருக்கிறேன். ஆர்கெஸ்ட்ரா மேடையில் ஒருநாளும் பார்த்ததில்லை. கேட்டால், "அதுதானுங்க மரபு" என்பார்கள்.

2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம். பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் கச்சேரி. அயோத்திதாசர் பேசிய 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து வந்த பெயர் அது. வடசென்னைச் சாவு வீடுகளில் பாடப்பட்ட கானாவும் பறையும், எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் ஒரே மேடையில். பாடியவர்கள் கோட்டு சூட்டில். பாட்டோ இடஒதுக்கீடு, மாட்டுக்கறி பற்றி.

யூடியூபில் பார்த்த நண்பன் கேட்டான்: "இது கானாவும் இல்ல, ராக்கும் இல்ல. என்னடா இது?"

அன்று என்னிடம் பதில் இல்லை. இப்போது தோன்றுகிறது: கானா சாவு வீட்டிலும் பறை மேடைக்குக் கீழேயும் இருந்தால்தான் அசல் என்பது, அவற்றை வாசித்தவர்கள் எழுதிய விதி இல்லை. அந்தக் கேசட்டைப் பதிவு செய்தது வேறு யாரோ.

போன நோம்பிக்கும் பறையடித்தவர், ஆர்கெஸ்ட்ரா தொடங்கும் முன்பே கூலி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். "இருங்கண்ணா, மேடைக்கு வாங்க" என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.