காத்திருக்கும் பொறி

வங்கியிலோ தபாலகத்திலோ பிரதேச செயலகத்திலோ நெடுநேரம் வரிசையில் நின்று, முறை வந்ததும் “சிஸ்டம் டவுண், நாளைக்கு வாருங்கள்” என்னும் விடையைப் பெற்றுத் திரும்பாதவர் நம்மிடையே மிகச் சிலரே. ஓய்வூதியம் பெற வந்த முதியவரும், சான்றிதழ் பெற வந்த மாணவியும், அன்றைய கூலியை இழந்து வந்த தொழிலாளியும் அவ்விடையை விதியின் கூற்றாக ஏற்றுக்கொண்டு வீடு செல்கின்றனர். மழை பெய்வதுபோலக் கணினியும் இடையிடையே நின்றுவிடும் என்பது பொது நம்பிக்கையாகிவிட்டது. ஆயின், ஒரு கணினி பழுதுற்றதும் மற்றொன்று அதன் வேலையை ஏற்று நடத்தும் முறை ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே நடைமுறைக்கு வந்துவிட்டது. அது யாருக்காகத் தோன்றியது, யார் கைக்கு முதலிற் சென்றது, யாரிடம் இன்னும் வந்து சேரவில்லை என்பதை நாம் நோக்குதல் வேண்டும்.

அம்முறை போருக்காகப் பிறந்தது. சோவியத் குண்டுவீச்சு விமானங்கள் வடதுருவத்தைக் கடந்து வரக்கூடும் என்ற அச்சத்தினால், 1950களிலே அமெரிக்க அரசு ‘சேஜ்’ என்னும் வான்காப்பு அமைப்பை நிறுவியது. ரேடார்கள் அனுப்பும் செய்திகளைத் தொகுத்து விமானங்களின் போக்கைக் கணிக்கும் பொறிகளை ஐ.பி.எம். நிறுவனம் செய்து கொடுத்தது. யன்னல்களற்ற கொங்கிறீற்றுக் கட்டடங்களிலே அவை நிறுவப்பட்டன. அவற்றுள் முதலாவது நியூ ஜேர்சியிலே 1958இல் இயங்கத் தொடங்கியது. பழைய வானொலிப் பெட்டிகளிலே நாம் கண்ட வால்வுகளைப் போன்றவை ஒவ்வொரு நிலையத்திலும் ஏறத்தாழ ஐம்பதினாயிரம் இருந்தன. நிறையோ 250 தொன். வால்வு அடிக்கடி எரிந்துபோகும் பொருள். ஆயிரக்கணக்கான வால்வுகளுள் ஏதேனும் ஒன்று எந்நேரமும் சாகும் நிலையிலிருக்கும் பொறியை நம்பி ஒரு நாட்டின் வானத்தை எவ்வாறு காப்பது?

விடை எளியது, விலைதான் பெரியது. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரே வகையான இரு கணினிகள் வைக்கப்பட்டன. ஒன்று வானத்தைக் கவனிக்கும். மற்றது காத்திருக்கும். முதற்பொறி தன் கணக்கின் நிலையைச் சுழலும் காந்த உருளையொன்றின் மூலம் இரண்டாவதற்கு இடையறாது கையளித்து வந்தது. எனவே வேலை கைமாறும்போது இரண்டாவது வெறுங்கையோடு தொடங்குவதில்லை. காத்திருக்கும் பொறியும் வீணே இருந்ததில்லை. அதன் மின்னழுத்தத்தைச் சற்றே கூட்டியும் குறைத்தும், விரைவிற் கெடக்கூடிய வால்வுகளை முன்னரே கண்டு தொழில்நுட்பவியலாளர் அகற்றினர். இதனால் ஆண்டிற்குச் சில மணி நேரமே ஒரு நிலையம் செயலற்றிருந்தது. எந்தத் தாக்குதலுக்கு அஞ்சி இவையெல்லாம் கட்டப்பட்டனவோ அது ஒருபோதும் நிகழவில்லை. அமைப்பு நிறைவுறுமுன்னரே கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் வந்துவிட்டன.

போருக்கு அடுத்ததாக வந்தது வணிகம். அமெரிக்கன் எயர்லைன்ஸ் நிறுவனமும் ஐ.பி.எம். நிறுவனமும் சேர்ந்து அமைத்த ‘சேபர்’ ஆசனப் பதிவு முறையிலே, நியூ யோர்க்கை அடுத்த பிரையர்கிளிவ் மேனரில் இரு 7090 கணினிகள் இருந்தன. ஒன்று பதிவுகளைக் கவனிக்க, மற்றது பிற வேலைகளைச் செய்தவாறு அழைப்புக்குக் காத்திருந்தது.

இங்கேதான் முதலாளியின் கணக்கேடு குறுக்கிடுகின்றது. காத்திருக்கும் பொறி இலாபம் ஈட்டாப் பொறி. அக்கணக்கேட்டுக்கு ஏற்ற தீர்வைக் கண்டது 1974இல் கலிபோர்னியாவிலே தோன்றிய ரண்டம் நிறுவனம். அதன் முதற்பொறி 1976இல் சிற்றிபாங்க் என்னும் வங்கிக்குச் சென்றது. ரண்டம் அமைப்பிலே எந்தச் செயலியும் சும்மா இருப்பதில்லை. எல்லாம் வேலை செய்யும். ஒவ்வொரு முக்கிய வேலைக்கும் வேறொரு செயலியிலே ஓர் இரட்டை இருக்கும். செயலிகள் விநாடிதோறும் “நான் உயிரோடிருக்கிறேன்” என ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும். ஒன்றின் குரல் நின்றுபோனால் மற்றவை அது இறந்ததெனக் கொண்டு அதன் வேலையைப் பகிர்ந்துகொள்ளும். இன்றைய தரவு மையங்களிலே ஆயிரக்கணக்கான சேர்வர்கள் கையாளும் முறையும் அடிப்படையில் இதுவேயாகும்.

அந்நிறுவனத்தில் பணியாற்றிய ஜிம் கிரே 1985இலே ஓர் அறிக்கை எழுதினார். கணினிகள் ஏன் நின்றுபோகின்றன என்பதே அவர் ஆராய்ந்த பொருள். நேர்ந்த தடைகளுள் வன்பொருட் பழுதால் வந்தவை 18 வீதம் மட்டுமே. மென்பொருளால் 25 வீதம். இயக்குதல், பராமரித்தல் ஆகிய மனிதப் பணிகளின் வழியே வந்தவை 42 வீதம். இதைப் படித்த மேலாளர் சிலர் தொழிலாளரைக் குறை கூற விரைவர். நாம் இதனை வேறுவிதமாகப் படிக்கின்றோம். இரும்பை இரட்டிப்பாக்கக் கற்றுக்கொண்ட பின்னர், எஞ்சிய பாரம் முழுவதும் இரவிலே கண்விழிக்கும் ஒரு சில மனிதர்மீது விழுந்தது. அவர்களை யாரும் இரட்டிப்பாக்கவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு பொறியின் குரல் நின்றுவிட்டது. பொறி இறந்துவிட்டதா, அன்றி இடையிலுள்ள கம்பி மட்டும் அறுந்ததா? மாற்றுப் பொறிக்கு அது தெரியாது. மென்பொருள் ஆக்குநர் பெரிதும் பயன்படுத்தும் கிற்ஹப் நிறுவனத்திலே, 2018 ஒக்டோபர் 21ஆம் நாள் ஒளியியற் கருவியொன்றை மாற்றும் வேலையின்போது, அமெரிக்கக் கிழக்குக் கரையிலே இணைப்பு 43 விநாடிகள் அறுந்தது. உடனே தானியங்கி அமைப்பு, கிழக்கிலுள்ள தரவுத்தளங்களின் தலைமையை மேற்குக் கரைப் பொறிகளிடம் கொடுத்தது. கிழக்குப் பொறிகளோ இறக்கவில்லை. அவை ஏற்றுக்கொண்ட சில பதிவுகள் மேற்கிற்குச் சென்றிருக்கவில்லை. பரபரப்பான ஒரு தொகுதியில் மட்டும் அத்தகைய பதிவுகள் 954. இரு கரையிலும் இரு வேறு உண்மைகள்! அவற்றை இணக்கிச் சீர்செய்ய 24 மணியும் 11 நிமிடமும் சென்றன.

இரட்டைகள் ஒன்றாகவே வீழ்வதும் உண்டு. இதற்குச் சான்று தரவு மையத்திற்கு வெளியேயுள்ளது. 1996 ஜூன் 4இல் பிரெஞ்சுக் கயானாவிலிருந்து எழுந்த ஏரியன் 5 ஏவுகலத்திலே திசை காட்டும் கணினி இரண்டு இருந்தன. இரண்டிலும் ஒரே மென்பொருள், ஒரே பிழை. மாற்றுப் பொறி முதலில் நின்றது. இமைப்பொழுதிலே முதற்பொறியும் அதே காரணத்தால் நின்றது. ஏவுகலம் வானிலே சிதறியது.

இனிப் பொதுமக்களின் பங்கைப் பார்ப்போம். தென் கொரியாவிலே 2022 ஒக்டோபரில் ஒரு தரவு மையம் தீப்பற்றியதால், நாட்டினர் பெரும்பாலோர் பயன்படுத்தும் காக்காவோ செய்திச் சேவை நின்றது. மாற்று ஏற்பாடு போதாதென அரசு அந்நிறுவனத்தைக் கண்டித்தது, சட்டங்களும் திருத்தப்பட்டன. 2025 செப்டெம்பர் 26இல் டேஜொன் நகரிலுள்ள அரசின் சொந்தத் தரவு மையமே எரிந்தது. மின்வெட்டு நேர்ந்தால் உதவவென வைக்கப்பட்ட லிதியம் மின்கலங்களைச் சேர்வர்களிலிருந்து தள்ளி வைப்பதற்காக இடம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. அம்மின்கலங்கள் பத்தாண்டு உத்தரவாதத்தைக் கடந்தவை. அவற்றிலிருந்தே தீ எழுந்தது. முதலில் 647 எனவும் பின்னர் 709 எனவும் கணக்கிடப்பட்ட அரச முறைமைகள் நின்றுபோயின. தபாலக வங்கி, அடையாள அட்டை, சான்றிதழ் எல்லாம் அவற்றுள் அடங்கும். வேறிடத்துச் சேர்வர்களுக்கு உடன் மாறக்கூடியவாறு அமைந்திருந்தவை சிலவே. கொங்ஜு நகரில் எழுப்பப்பட்ட துணை மையம் பல்லாண்டுத் தாமதத்தின் பின்னரும் முழு இயக்கத்திற்கு வந்திருக்கவில்லை. அரசு அலுவலர் தம் ஆவணங்களைச் சேமித்த பொதுக் களஞ்சியத்திலிருந்த 858 ரெராபைற் தரவு அடியோடு அழிந்தது. அளவிற் பெரிதாகையால் வெளியிடத்தில் பிரதி வைக்க இயலவில்லை எனக் கூறப்பட்டது. தரவின் பிரதி இல்லாதவிடத்து மாற்றுச் சேர்வர் வெறும் பாத்திரமே.

வறிய நாடு இரண்டு பொறிக்கு எங்கே போகும் என்று நம் ஆசிரிய நண்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆனால் கொரியா வறிய நாடன்று. எதை இரட்டிப்பது என்று தீர்மானிக்கும் மேசையிலே ஓய்வூதியக்காரருக்கு ஆசனம் இல்லை என்பதே செய்தி.

நம் நாட்டுக் கணக்கும் ஒன்றுண்டு. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினி அமைப்பைக் கப்பம் கோரும் தீநிரலொன்று தாக்கியது. இயங்கிய தரவோடு, அதனுடன் இணைந்திருந்த பிரதியும் பூட்டப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்கள் மீளவில்லை. காலாவதியான மென்பொருளைப் புதுப்பிக்கும் வேலை நிதித் தட்டுப்பாட்டினால் தள்ளிப்போயிருந்தது. வலையமைப்பிலிருந்து பிரித்து வைக்கும் பிரதியொன்றை நாள்தோறும் எடுப்பதென அதன் பின்னரே முடிவாயிற்று.